செடிக்குப் போர்த்திய சிவப்புத் துணி

எங்கள் மங்கலத்துத் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரம் ஒருமுறை வந்தாலே பெரிது. அதனால் ரோஜா ஆசையை விட்டுவிட்டு, அதிகம் தண்ணீர் கேட்காத காகிதப்பூவையும் அரளியையும் மொட்டை மாடியில் வைத்தேன். தொட்டி மண் காயாமலிருக்க, எங்கள் பனியன் கம்பெனியில் மிஞ்சிய சிவப்புத் துண்டுத் துணிகளை மேலே பரப்பினேன். எங்கள் துணி சாயம் போகாது என்று அத்தனை நம்பிக்கை!

ஒரே கோடை மழையில் அந்த நம்பிக்கை கரைந்தது. மாடிக் குழாய் வழியாக இறங்கிய சிவப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை நனைத்துவிட்டது.

அந்த வீட்டு அக்கா வேட்டியோடு படியேறி வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வேற வேட்டி வாங்கிக் குடுத்தர்றேனுங்க அக்கா."

அவர் கண்ணெல்லாம் காகிதப்பூவில் இருந்தது.

"வேட்டி கெடக்குது, உடு கண்ணு. இந்த வெயில்ல இது எப்படி இப்படிப் பூக்குது? எனக்கொரு குச்சி ஒடிச்சுக் குடு."

மறுநாள் அவரே ஒரு மூட்டை வெள்ளைத் துண்டுத் துணி கொண்டுவந்து இறக்கினார்.

"இனி இதைப் போடு. எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு கலர் வேட்டி போதும்!"

இப்போது இரண்டு மாடியிலும் காகிதப்பூ பூக்கிறது. ரோஜா வளர்க்க முடியாத எங்கள் தெருவில், ஞாயிறுதோறும் ஒரு ரோஜா நிற வேட்டி கறிக்கடைக்கு ஜோராக நடந்து போகிறது.