எல்சிதா சென்யோவின் முதல் அத்தியாயங்கள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை குழந்தைகள் வாசிப்பு மன்றம் கூடும். ஒன்பது வருடமாகக் கூடுகிறது. அந்த ஒன்பது வருடத்தில் ஒரு கதைகூட முடிந்ததில்லை.

காரணம் எல்சிதா பத்தெர்னீனா. நூலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. குழந்தைகள் அவரை 'சென்யோ' என்பார்கள். இந்த ஆற்றங்கரையில் டீச்சரம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவது. அவர் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. வீடு வீடாகப் போய், படம் போட்ட விலைப்புத்தகத்தைக் காட்டி உதட்டுச்சாயமும் பவுடரும் விற்றவர். ஒரு தேர்தலில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வேட்பாளருக்காகத் தெருத்தெருவாகப் பாட்டுப் பாடினார். வேட்பாளர் மேயரானார், எல்சிதா நூலகரானார். அடுத்த மேயருக்குச் சிவப்புச் சட்டை, அதற்கடுத்தவருக்கு நீலம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை என்பதால் பாட்டை நிறுத்த முடியவில்லை. தேர்தல் நெருங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் அந்த நூலகத்தில் தரை துடைக்கிறேன், மன்றம் கூடும் நாளில் பட்டை போட்ட ஓட்ஸ் பால் கலக்குகிறேன். ஆகவே எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு படிவம் வரும். அதில் 'இந்த மாதம் கையாண்ட நூல்' என்று ஒரு கட்டம் இருக்கும். மாதத்துக்கு ஒரு புதுப் பெயர் எழுத வேண்டும் என்று சென்யோ புரிந்துகொண்டார். மன்றத்துக்கு ஒரு மணி நேரம். அதில் தேசிய கீதம், வருகைப் பதிவு, பிறகு புகைப்படம். புகைப்படத்துக்குத்தான் அதிக நேரம். புத்தகத்தை மார்புக்கு நேராகப் பிடி, சிரி, பல்லைக் காட்டாதே. ஒருமுறை மூன்று குழந்தைகள் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். அந்தப் படம்தான் இப்போதும் மாவட்ட நாள்காட்டியில் இருக்கிறது. இதெல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் முதல் அத்தியாயம் மட்டும் கொள்ளும். அடுத்த மாதம் வேறு புத்தகம், வேறு முதல் அத்தியாயம். வீட்டுக்குக் கொடுப்பது கிடையாது. "கிழிச்சா கணக்குல என் தலைதான் உருளும்" என்பார். நூறு கதை எப்படித் தொடங்கும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். எது எப்படி முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த வருடம் ஓர் ஆணை வந்தது. வாசிப்பு மன்றம் நன்றாக நடக்கிற நூலகங்களில் நூலகருக்கு நிரந்தர நியமனம் உண்டு, தேர்தலுக்கு முன்பே. அதற்குப் பிறகு எந்த மேயரும் அசைக்க முடியாது. சென்யோ அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே ஒரு வாரம் நடமாடினார்.

ஆகஸ்ட் கூட்டத்தன்று மேற்பார்வைக்கு ஹிமேனா உர்ரேகோ என்பவர் விசைப்படகில் வந்து இறங்கினார். எங்கள் பக்கம் கையில் கோப்பு வைத்திருக்கிற பெண்கள் எல்லோரும் 'டாக்டோரா'தான். டாக்டோரா படிவங்களைப் புரட்டினார். ஒன்பது வருடத்துக்கு நூறு நூல். புருவம் உயர்ந்தது. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷம் படிச்சதுல எது ரொம்பப் பிடிச்சுது?"

பதினோரு பிள்ளைகளும் ஒன்றாகக் கழுதை என்றார்கள். அது ஜூலையில் வாசித்தது. ஆற்றைக் கடக்க ஒரு கழுதையைத் தோணியில் ஏற்றுகிறார்கள். சொந்தக்காரன் ஏறுவதற்குள் கயிறு அறுந்து, கழுதை தனியாகத் தோணியில் போய்விடுகிறது. முதல் அத்தியாயம் அத்தோடு சரி.

"அப்புறம் கழுதைக்கு என்ன ஆச்சு?" என்றார் டாக்டோரா.

சென்யோவின் முகம் வெளுத்தது. பிள்ளைகள் வெளுக்கவில்லை.

"கடலுக்குப் போய்ச் செத்துப்போச்சு டாக்டோரா."

"இல்ல, நீந்திக் கரையேறிடுச்சு."

"போடா. கீழ ஏதோ ஊர்ல எறங்கி மேயராயிடுச்சாம். எங்க மாமா சொன்னாரு."

டாக்டோரா சிரித்தார். சென்யோவும் சிரிப்பது போல் ஏதோ செய்தார். மீன் விற்கிற மார்லேனியின் மகள் தார்லிஸ் கடைசியில் வாயைத் திறந்தாள். பத்து வயது.

"ஒரு விதவை வீட்டுக்கிட்ட தோணி ஒதுங்குச்சு. அவ கழுதையக் கட்டிப்போட்டு நல்லாப் பாத்துக்கிட்டா. சொந்தக்காரன் தேடி வந்தான். கழுதை அவன யாருன்னே தெரியாத மாதிரி நின்னுச்சு. அவன் ஒண்ணும் பேசாம திரும்பிப் போயிட்டான்."

"இதுல எது சரி, எல்சிதா?" என்று டாக்டோரா கேட்டார்.

"அது வந்து டாக்டோரா, முடிவ நாங்க நிறுத்தி வச்சிருக்கோம். புள்ளைங்கள ஏங்க வைக்கிறது எங்க முறை."

"அருமையான முறை" என்றார் டாக்டோரா. அவரும் அந்தக் கதையைப் படித்ததில்லை என்பது அவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பதிவேட்டைத் திறந்து தானே எழுதினார். செப்டம்பர் கூட்டத்தில் நூலின் முடிவு வாசிக்கப்படும். வாசிக்கப்பட்டதற்கு அடையாளமாகப் பதினோரு பிள்ளைகளும் கையெழுத்திட்ட பதிவு அனுப்பப்படும். அது வந்து சேர்ந்ததும் நியமனம். கீழே அவர் கையெழுத்து, சென்யோவின் கையெழுத்து, ரப்பர் முத்திரை. இங்கே பதிவேட்டில் ஏறி முத்திரை விழுந்துவிட்டால் அதை ஆற்றில் எறிந்தாலும் போகாது.

செப்டம்பர் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, சென்யோ ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் காலை நான் வாளியோடு வரும்போது கழுதைப் புத்தகத்தின் இருபது பிரதிகளும் மேசைமேல் விரிந்து கிடந்தன.

"ஏய், இங்க வா. இது எத்தனாம் பக்கம்?"

"தொண்ணூத்தாறு, சென்யோ."

"அதுக்கப்புறம்?"

"அட்டை."

இருபதிலும் அப்படித்தான். 'அப்போது மேட்டு வீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து கழுதையின்' என்பதோடு நின்றுபோயிருந்தது. அச்சகத்தில் கடைசிப் பக்கங்களை வைத்துக் கட்ட மறந்துவிட்டார்கள்.

"நல்ல பிரதி கேட்டு எழுதிப் போடுங்களேன்" என்றேன்.

"எழுதுனா நான் காலி. புத்தகப் பெட்டி வந்த அன்னைக்கே பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பக்கம் பக்கமாச் சரிபார்த்தேன், குறை இல்லைன்னு."

"சரிபாக்கலையா?"

"பெட்டி வந்தா கையெழுத்துப் போடுறது. யாரு புரட்டுவா? நீ தொடச்ச தரைய நான் நக்கியா பாக்குறேன்?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுந்த வாக்கியத்தில் ஒரு பெண் வருகிறாள். பிள்ளைகள் சொன்ன முடிவுகளில் பெண் வருவது தார்லிஸ் சொன்னதில் மட்டும். அதையே எடுத்துக்கொண்டார். எடுத்ததோடு விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை தேசிய கீதத்தைக்கூடச் சுருக்கிவிட்டுக் கடைசி அத்தியாயத்தை வாசித்தார். தொண்ணூற்றாறாம் பக்கத்தைத் தாண்டியதும் குரல் மாறியது, கண் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஒரு சீட்டுக்குப் போனது. விதவை கழுதையைச் சொந்தக்காரனிடம் ஒப்படைத்து மன்னிப்புக் கேட்டாள். சொந்தக்காரன் மன்னித்தான். பொதுச் சொத்தை நாம் எல்லோரும் கண்ணைப்போல் காக்க வேண்டும் என்று கழுதை உணர்ந்தது. கதை முற்றும்.

மன்றம் ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற முதல் முடிவு இது. ஒரு பையன், "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு ஓட்ஸ் பாலைத் தேடி வந்தான். பத்துப் பேர் வரிசையாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். தார்லிஸ் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"சென்யோ, அது நான் சொன்ன கதை."

"நீ சரியா ஊகிச்சிருக்கடி. கெட்டிக்காரி. போடு."

"நான் சொன்னதுல அவன் கழுதைய விட்டுட்டுப் போயிடுவான்."

"புத்தகத்துல அப்படி இல்ல."

"அந்தப் பக்கத்தக் காட்டுங்க."

"கூட்டம் முடிஞ்சுபோச்சு. படகு பன்னண்டு மணிக்குக் கெளம்புது, அதுக்குள்ள உறையை ஒட்டணும்."

"அப்ப நான் போடல."

சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. சென்யோ கெஞ்சிப் பார்த்தார், அவள் அம்மாவிடம் சொல்வேன் என்று மிரட்டிப் பார்த்தார். "சொல்லுங்க, அம்மாவும் பக்கத்தப் பாக்க வருவாங்க" என்றாள் தார்லிஸ். மார்லேனி மீனின் செதிளையே ஒவ்வொன்றாகப் பார்த்து விலை சொல்கிறவள். சென்யோ புத்தகத்தை நீட்டினார்.

அந்தச் சிறுமி கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், சென்யோவின் கையெழுத்தில் இருந்த சீட்டை உதடு அசைய முழுதும் படித்தாள். கூச்சல் போடுவாள் என்று நான் நினைத்தேன். சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆரம்பம் பரவால்ல சென்யோ. முடிவுதான் மோசம்."

"உனக்கு என்னடி வேணும்?"

தார்லிஸ் அலமாரியைக் காட்டினாள். "இந்தத் தட்டு. வீட்டுக்கு. ஒண்ணொண்ணா."

"ஒரு வாரத்துல திருப்பணும்."

"முடிச்சதும் திருப்புறேன்."

வேறொரு நாளாக இருந்தால் சென்யோ அவளைக் காதைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். அன்று எழுந்து போய், தானே அலமாரியைத் திறந்து முதல் புத்தகத்தை உருவி அவள் கையில் வைத்தார். நூலகத்திலிருந்து ஒரு பிள்ளையின் கையில் வெளியே போன முதல் புத்தகம் அதுதான். மேயர்கள், தலைநகரம், டாக்டோரா எல்லோரும் சேர்ந்து கொடுக்காத நிரந்தர வேலையை மீன்காரி மகள் கொடுக்க வேண்டியிருந்தது.

"இப்பவாவது போடேன் தாயே" என்றார் சென்யோ.

தார்லிஸ் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்து, வாக்கியம் முடிந்து புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் பேனாவை எடுத்தாள்.