கல்யாண எழுத்தில் ஒரு நினைவஞ்சலி

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, போஸ்டர், பிளக்ஸ் எல்லாம் என் கையால்தான். கம்ப்யூட்டரில் எத்தனையோ விதமான எழுத்து கிடந்தாலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினது போல இருக்கும். ஏறும் கோடு மெலிசு, இறங்கும் கோடு தடிமன். ‘ழ’வின் வால் திராட்சைக் கொடி மாதிரி சுருண்டு அடுத்த எழுத்துக்குக் கீழே போய் நிற்கும். நாங்கள் அதைக் கல்யாண எழுத்து என்போம். காதுகுத்து, வளைகாப்புக்கும் அதுதான். சாவு போஸ்டருக்கு வளைவு நெளிவு இல்லாத கட்டை எழுத்து. கூடலூர் போகிற ஜீப்பில் இருந்தே வாசிக்க முடிய வேண்டுமே! இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி.

போன வருஷம் காமயகவுண்டன்பட்டியில் இருந்து ஒரு பெண் வந்தாள். புருஷனுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பிளக்ஸ் வேண்டும். கூடவே புருஷனுடைய அண்ணன். போட்டோவையும் குடும்பத்தார் பேர்களையும் அவர்தான் கொடுத்தார். கட்டை எழுத்தில் பேரை அடித்துக் காட்டினேன். அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, “அவுக பேரு மட்டும் இந்த எழுத்துல வேணும்க்கா” என்றாள்.

“அது கல்யாணத்துக்குப் போடுறதும்மா. பாக்குறவுக என்னையத்தான் ஏசுவாக” என்றேன் வெடுக்கென்று.

“ஊரு சிரிக்கும் ஆத்தா, விடு” என்றார் அண்ணனும்.

அவள் விடவில்லை. “எங்களுக்குத்தான் பத்திரிகையே அடிக்கலையே மச்சான். நீங்க யாரும் சம்மதிக்கல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம். யாரு வீட்டுப் பத்திரிகை வந்தாலும் அவுக தடவித் தடவிப் பாப்பாக. நம்ம பேரு இப்படி வந்தா எப்படி இருக்கும்னு கேப்பாக. ஒரு தடவையாச்சும் வரட்டும்.”

என் சட்டமெல்லாம் எங்கே போனதோ! எழுத்தை மாற்றினேன்.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “இந்தப் புள்ள பேரையும் பக்கத்துலயே போடுங்கம்மா. அதே எழுத்துல” என்றார்.

உயிரோடு இருக்கிறவர் பேரை அஞ்சலியில் மேலே போடும் வழக்கம் இல்லை. மனைவி பேர் கீழே, குடும்பத்தாரோடு பொடி எழுத்தில்தான் வரும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். அடித்தேன். இரண்டு பேர்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அவ்வளவு அழகாக இருந்தது, பார்க்கவே முடியவில்லை.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

“அவுக இருக்கையில இதச் சொல்லியிருக்கலாம்ல மச்சான்?”

அவர் வெளியே போய்க் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.