முப்பத்தொரு பிள்ளைகளும் மூன்று கம்ப்யூட்டர்களும்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலையில், மற்ற வேலையெல்லாம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் பாடமும் நடத்தலாம். வீடு வீடாகப் போய் ஆள் கணக்கு எடுத்தவர்கள், சத்துணவு முட்டையை எண்ணியவர்கள், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போய் கோம்பை நாய்க்குப் பயந்து ஓடியவர்கள் எல்லாரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்கள். அனுமந்தன்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள். அந்த வருஷம் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர் வந்தது. இணையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே கணக்கு, கடிகாரம், எழுத்து என்று விளையாட்டுகள் இலவசமாகக் கொட்டிக் கிடந்தன. படத்தை அமுக்கினால் பேசும். சரியாகப் போட்டால் கை தட்டும். ஏப்ரலில் இந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போவதற்குள் முப்பத்தொரு பேரும் ஒரு தடவையாவது தங்கள் கையால் அதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. அதற்கே நான் பட்ட பாடு இது.

சந்தனம் வைத்த மானிட்டர்

கம்ப்யூட்டர் வந்த அன்று எங்கள் தலைமையாசிரியர் தேங்காய் உடைத்தார். மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீபோர்டு மேல் செவ்வந்திப் பூவும் வைத்தார். நானும்தான் கும்பிட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கும்பிட்டு முடித்ததும் மூன்றையும் பூப்போட்ட துணியால் மூடி, அறையைப் பூட்டி, சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டு சின்னமனூர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆறு வாரம் ஆகியும் அந்தத் துணி விலகவில்லை. குங்குமம் மட்டும் காய்ந்து உதிர்ந்திருக்கும்.

மனுஷர் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு ரேடியோ பழுதாகிப்போனதற்கு வருஷக்கணக்கில் பதில் எழுதிச் சலித்தவர். அதற்காக, பிள்ளைகளுக்கு வந்த பொருளைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் வைப்பதா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். அவர் பெரிய நோட்டை விரித்துக் காட்டினார்.

"டீச்சர், ஸ்டாக் ரிஜிஸ்டர்ல 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பிள்ளைக தொட்டா அது எப்படி நல்ல நிலையில இருக்கும்?"

கரும்பலகையில் வந்த இணையம்

இணையத்தை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று உத்தமபாளையத்தில் ஒருநாள் பயிற்சி போட்டார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து நாற்பது பேர் போயிருந்தோம். பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த தம்பி கொஞ்சமும் அசரவில்லை. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு பெரிய கட்டம் போட்டு, "இதுதான் ஸ்க்ரீன்" என்றார். அதற்குள் நான்கு பழம் வரைந்தார். "இப்ப ஆப்பிளை கிளிக் பண்றோம்" என்று சொல்லி டஸ்டரால் ஆப்பிளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சிரிக்கிற முகம் ஒன்றை வரைந்தார். நாற்பது பேரும் அதைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கலர் பென்சில் இருக்கிறதா என்று கேட்டார்.

பிறகு இணைய முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். நடுவில் ஒரு புள்ளியை யாரோ விட்டுவிட்டார்கள் என்று மூன்று தடவை முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கு முப்பத்தொரு பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். எழுந்து, "ஒரு ஜெனரேட்டர் கொண்டுவர ஆளில்லையா? இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போய் நான் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்டேன். தம்பி கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுப் பணிவாகத்தான் பதில் சொன்னார்.

"அதான் படம் நோட்டுல இருக்குல்ல டீச்சர், அதைப் பாத்து நடத்துங்க. போகும்போது ஃபார்ம்ல 'மிக நன்று'ன்னு டிக் அடிச்சுட்டுப் போங்க."

தவளை தாவிய சனிக்கிழமை

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ப்ரௌசிங் சென்டருக்குப் போனேன். ஆளுயரத் தடுப்பு, திரைச்சீலை, உள்ளே இருட்டு. நோட்டைப் பார்த்து முகவரியை அடித்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே வாய் பிளந்துவிட்டது. எண்கோட்டில் ஒரு தவளை தாவுகிறது. ஏழோடு ஐந்தைக் கூட்டினால் ஐந்து தாவு தாவிப் பன்னிரண்டில் உட்கார்கிறது. இதை வருஷா வருஷம் புரிய வைக்க நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். தவளை சரியாக உட்கார்ந்ததும் ஸ்பீக்கரில் கைதட்டல் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. கடைக்காரர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

நாற்பது வயதுப் பொம்பளை தவளையோடு விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, முகத்தில் ஒரு சந்தேகம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உக்காந்து நீங்களே பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வகுத்தல் கணக்கில் இரண்டு தடவை தோற்றார். பள்ளிகள் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி என் கையில் கொடுத்தார். இனி பள்ளியில் இணையம் இல்லாவிட்டாலும் ஓடும். கொடுக்கும்போதுதான் அந்தச் சந்தேகத்துக்கு விளக்கம் சொன்னார்.

"தப்பா நினைக்காதீக டீச்சர். பரீட்சை ரிசல்ட் பாக்க வருவாக, மாப்பிள்ளை போட்டோ பாக்க வருவாக. தவளை பாக்க இங்கன யாரும் வந்ததில்ல."

மழைக்கு என்ன உடுத்துவது

பென் டிரைவைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேஜையில் வைத்து, ஒரு வாரம் தினமும் போய் நின்றேன். கடைசியில் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, ஒரு கம்ப்யூட்டர் மட்டும், பத்துப் பத்துப் பிள்ளைகளாக உள்ளே விடலாம். ஆனால் மௌஸ் அவர் கையில்தான் இருக்கும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பதிலைச் சொல்ல வேண்டும், அவர் அமுக்குவார். கார் வாங்கி ஷெட்டில் நிறுத்தி, ஏறாமல் ஹாரன் மட்டும் அடிப்பது மாதிரி.

அன்றைக்கு வந்தது ஒரு பொம்மைக்கு உடை மாட்டும் விளையாட்டு. வெயிலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. அடுத்து மழை வந்தது. என் வகுப்பில் பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை. வாயே திறக்காது, கணக்கில் எப்போதும் பின்தங்கும். அதன் அம்மா விடிந்ததும் ஜீப்பில் கம்பமெட்டு மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கை தூக்கி, "பாலித்தீன் ஷீட்டு சார், இடுப்புல கயித்தைப் போட்டுக் கட்டணும்" என்றது. "அப்படியெல்லாம் இதுல கிடையாது, கையைக் கட்டு" என்று சொல்லிவிட்டு அவர் குடையை அமுக்கினார். கைதட்டல் வந்தது. எங்கேயோ பனி பெய்கிற ஊரில் உட்கார்ந்து இதைச் செய்து இனாமாகக் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் கம்ப்யூட்டர் படித்திருக்கிறார்களே, அதில் ஒருத்தருக்காவது ஒரு பாலித்தீன் ஷீட்டை வரைந்து உள்ளே போடத் தோன்றியதா? வெளியே வரும்போது பேச்சி என் சேலை முந்தானையை மெல்ல இழுத்தது.

"குடை பிடிச்சா ரெண்டு கையாலயும் எப்படிக் காய் எடுக்க? அந்தப் பொம்மை தோட்டத்துக்குப் போனதே இல்ல போல டீச்சர்."

குளுகுளு படிப்பு

திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் ஒரு விவசாயி, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு டி.சி. வாங்க வந்தார். மூத்த பெண் படிக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளியிலேயே இவனையும் சேர்க்கப் போகிறாராம். "இங்கன கம்ப்யூட்டர் துணி போத்திக் கெடக்கு. அங்கன வாரம் ஒரு நா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறாக" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உள்ளதைத்தானே சொல்கிறார். ஆனாலும் விட மனசில்லாமல், அங்கே உங்கள் மகள் அதில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வரிசையாகப் போய், சுற்றிப் பார்த்துவிட்டு வருவாளாம். தொட்டுப் பார்க்க விடுவார்களா என்று கேட்டேன். இப்படியும் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார்.

"தொடவெல்லாம் விட மாட்டாக டீச்சர். ஆனா அங்கன ஏசி போட்டிருக்காகல்ல."

மனப்பாடப் பகுதி

பிப்ரவரியில் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியர் என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தார். தான் ஒரு தடவை கூட்டல் விளையாட்டை ஆடிப் பார்த்து, பத்துக் கேள்விக்கும் எத்தனையாவது விடை சரி என்று சீட்டில் குறித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் தேயக்கூடாது என்று, பயிற்சி முழுக்க வேப்பமரத்தடியில். "ரெண்டு, ஒண்ணு, மூணு, மூணு, ரெண்டு" என்று பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒரு வாரம் ஒப்பித்தார்கள். "சார், அது ஒவ்வொரு தடவையும் கேள்வியை மாத்திக் கேக்கும்" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஒரே வினாத்தாள் ஆளுக்கு ஆள் மாறுமா டீச்சர்?" என்று சிரித்தார்.

அதிகாரி வந்தார். முதல் பையன் இரண்டாவது விடையை அமுக்கினான். டொய்ங் என்று ஒரு சோகச் சத்தம். அடுத்து முதலாவதை அமுக்கினான். அதற்கும் டொய்ங். மூன்று பேரும் முடித்தபோது டொய்ங் சத்தம்தான் அறையெல்லாம் நிறைந்திருந்தது. எட்டும் ஆறும் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற பிள்ளைகள் அவர்கள். கேள்வியைப் பார்க்கவே கூடாது என்று பழக்கி, முட்டாள்களாக்கி நிறுத்தியிருந்தோம். ஒரு பையன் அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதிகாரி இளநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தலைமையாசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சவுண்டெல்லாம் தெளிவா வருதே சார், நல்லாப் பராமரிக்கிறீங்க."

ஒரு மத்தியானம்

ஏப்ரல் கடைசி வாரம். சொந்தக்காரர் கல்யாணத்துக்காகத் தலைமையாசிரியர் இரண்டு நாள் லீவு. சத்துணவு அறைச் சாவியும் அதே கொத்தில் இருந்ததால், வேறு வழியில்லாமல் கொத்தோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் அறையைத் திறக்கச் சொல்லவில்லை. திறக்காதே என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி முடிந்து கரண்ட் வந்ததும் திறந்தேன். துணியை உருவி ஜன்னலில் போட்டேன். மூன்று கம்ப்யூட்டரும் ஓடின. ஆளுக்கு ஏழு நிமிஷம் என்று வரிசை கட்டினேன். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டது. ஒருத்தன் மௌஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இன்னொருத்தி அதைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்க்ரீனில் இருந்த தவளை மேலேயே வைத்து அமுக்கினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முப்பத்தொன்றாவது ஆளாகப் பேச்சி உட்கார்ந்தது. வகுத்தல் கணக்கு. நான் பின்னால் நின்றேன், வழக்கம்போலக் கையில் மரஸ்கேலோடு. ஒன்றை அமுக்கியது, தப்பு. உடனே தோளைக் குறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஸ்க்ரீனில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. "மறுபடி போட்டுப் பாருன்னு சொல்லுது" என்றேன். மறுபடி தப்பு. இன்னொரு தடவையும் தப்பு. நாலாவதில் கைதட்டல் வந்தது. அடுத்த கணக்கைத் தானே விரல் விட்டு எண்ணி முதல் தடவையிலேயே போட்டுவிட்டது. வருஷம் முழுக்க நான் வகுத்தல் சொல்லிக் கொடுத்து வராத பிள்ளை. மூன்றாவது கணக்கில், விடை தெரிந்தும், வேண்டுமென்றே தப்பானதை அமுக்கிவிட்டுக் காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேலைப் பார்த்துக் கேட்டது.

"எத்தனை தடவ தப்பாப் போட்டாலும் இது அடிக்கவே அடிக்காதா டீச்சர்?"

அனுமதியில்லாமல் அறையைத் திறந்ததற்கு, லீவு முடிந்து வந்த தலைமையாசிரியர் எழுத்துமூலம் கேட்ட விளக்கத்துக்கு நான்கே வரியில் சுடச்சுடப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன், பேச்சி வாய்வார்த்தையாகக் கேட்ட விளக்கத்துக்குத்தான் இன்றுவரை எனக்கு முதல் வரியே வரவில்லை.