பட்டினி என்று சொல்லி மூழ்கடித்த செடி

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், போன வருடம் ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்குச் சேர்ந்தேன். படிக்கட்டுக்குக் கீழே படுக்க இடம் கிடைத்தது. கீழ்க்கூடத்தில் சிவப்பாகப் பூக்கும் ஆந்தூரியம் செடி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் தொட்டி அசிங்கமாக இருக்கிறதென்று, குடியிருப்போர் சங்கத் தலைவி அதைத் தம் கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவுக்குள் இறக்கி வைத்திருந்தார்.

அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. இலைகள் மஞ்சளாயின. "செடி போச்சுன்னா நீங்களும் கிளம்பிடுங்க" என்றார் தலைவி. எனக்குப் போக்கிடம் இல்லை.

இரண்டாம் மாடிக்காரர் செல்போனில் படம் பிடித்து, "இரும்புச்சத்து இல்லைங்க" என்றார்.

"அது உங்களுக்குத்தான் இல்லை. இதுக்கு மெக்னீசியம்" என்றார் அவர் மனைவி.

எதிர்வீட்டுக்காரர் புண்ணாக்குக் கரைசல் கொண்டுவந்தார். மடையன் மாதிரி அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் கரைத்து ஊற்றினேன். ஒருவர்கூடக் குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் கை அழுக்காகிவிடுமே!

பூவும் கருகியதும் தொட்டியை வெளியே தூக்கினேன். அண்டாவில் பாதிக்கு மேல் நாற்றத் தண்ணீர். அடிவேர் அழுகிக் கொழகொழத்தது. இத்தனை மேதாவிகளும் பட்டினி என்று சொன்ன செடி மூழ்கிக்கொண்டிருந்தது. அழுகலை வெட்டி, புது மண்ணில் நட்டேன். புதுக் குருத்து வந்தது; என் படுக்கையும் தப்பியது.

"பார்த்தீங்களா, இரும்புச்சத்து வேலை செய்யுது!" என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

இப்போதெல்லாம் இலை மஞ்சளானால் முதலில் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கிறேன், உரம் அப்புறம்தான். யாராவது சத்துக்குறை என்று ஆரம்பித்தால், "தொட்டியைத் தூக்கிப் பாருங்க" என்கிறேன். இதுவரை ஒருவரும் தூக்கியதில்லை.