நடு ஆற்றுக் கல்

"கல்லா உக்கார வைக்கிறதுக்கா டீச்சர் அந்தப் புள்ள ரெண்டு பஸ் மாறி வருது? அதுக்கு வாசல்ல கெடக்குற கல்லையே தூக்கியாந்து போட்டுக்கலாமே!"

நிழலக்கா இதைச் சொன்னபோது அவள் கையில் ஒரு குட்டி மேசை இருந்தது. அதை எங்கே போடுவது என்று கேட்கத்தான் வகுப்புக்குள் வந்தாள். டீச்சர் பிள்ளைகளுக்கு வேஷம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ மீன், நீ மீன், நீ தவளை என்று வந்தவள், பஞ்சுவிடம் வந்ததும் "நீ கல்லு, ஓரமா உக்காந்துக்கோ" என்றாள். மேசை பொத்தென்று தரையில் இறங்கியது.

"கத்தாதீங்க அக்கா. சத்தம் அதுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"நான் கத்துறது அதுக்குப் பழக்கம். ஓரத்துல தள்ளுறதுதான் பழக்கமில்ல."

"யாரு தள்ளுறா? ஆடச் சொன்னா அழும். வரிசையில நிக்காது. கல்லுன்னா பாவம், நிம்மதியா இருக்குமேன்னு நெனச்சேன்."

"உங்க நிம்மதிய அது தலையில கட்டாதீங்க. அதுவும் மீனுதான். வாலு நான் தைக்கிறேன்."

டீச்சர் வயதில் சின்னவள். வாயிலும் சின்னவள். பஞ்சுவை மீன் வரிசையில் சேர்த்துவிட்டாள்.

நிழலக்காவுக்கு அந்தப் பள்ளியில் துணையாள் வேலை. பஞ்சுவின் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நிழல் என்றதும் மெலிந்த உடம்பு என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் நாற்காலி இருப்பதே தெரியாது. எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும். அந்த வேடிக்கைக்காகவே வகுப்பு மொத்தமும் மணி அடிக்கக் காத்திருக்கும்.

இந்த வேலைக்கு முன்னால் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டினாள். கம்பெனியை மூடியதும் இங்கே பெருக்க வந்தாள். ஒரு நாள் மணிச் சத்தம் பொறுக்காமல் பஞ்சு மேசைக்கு அடியில் புகுந்து வீறிட்டு அழுதது. பெரியவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து கெஞ்சினார்கள். இவள் மட்டும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, தன் உடம்பையும் எப்படியோ மடக்கி, மேசைக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் பஞ்சு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. மறுநாளே தலைமை டீச்சர் வேலையை மாற்றிக் கொடுத்தாள்.

பஞ்சு ஏழு வயதுச் சிறுமி. நடந்தால் காலடி கேட்காது. பேச்சு உண்டு, ஆனால் கருமியின் கைக்காசு மாதிரி எப்போதாவதுதான் வெளியே வரும்.

கல் என்ற சொல்லுக்கு நிழலக்கா ஏன் அப்படிப் பாய்ந்தாள் என்பதற்கும் காரணம் உண்டு. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். வாய் பேசாதவன். வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள் என்றால் அப்பா அவனைப் பின் அறையில் உட்கார வைத்து, "கல்லு மாதிரி இருக்கணும்" என்று கதவைச் சாத்துவார். நல்ல பிள்ளை, அப்படியே இருப்பான். வந்தவர்கள் போன பிறகும் இருப்பான். சில நாள் அவன் அங்கே இருப்பதையே வீட்டில் மறந்துவிடுவார்கள். முப்பது வயதை எட்டாமலே போய்ச் சேர்ந்தான். அந்தக் கதவுச் சத்தம் மட்டும் இவள் காதை விட்டுப் போகவில்லை.

அந்த வாரம் பள்ளியில் ஆற்று வாரம். வருடத்துக்கு ஒரு முறை இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பாடம் முழுவதையும் கொண்டாட்டமாக்கிவிடுவார்கள். கணக்குப் பாடத்தில் நூலில் கட்டிய காகித மீன்களைக் கூட்டினார்கள், கழித்தார்கள். மொழிப் பாடத்தில் ஆற்றிடம் கேள்வி கேட்டார்கள். கடைசி நாள் பெற்றவர்களுக்கு முன்னால் ஆட்டம். பெரிய கூடத்தின் ஜன்னல்களுக்கெல்லாம் நீலத் துணி கட்டியிருந்ததால், மத்தியான வெயில் உள்ளே வரும்போது தண்ணீராகி வந்தது. சுவர் அசைந்தது. தூசிகூட மிதந்தது. அதற்குள் போகிறவர்கள், யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஒத்திகையில் பஞ்சு மஞ்சள் வாலோடு வரிசையில் நின்றது. பாட்டு தொடங்கியதும் வரிசையை விட்டு நழுவி, கூடத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டித் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. நிழலக்கா கூட்டிவந்து வரிசையில் விட்டாள். மறுபடியும் போனது. மறுபடியும் கூட்டிவந்தாள். அப்புறம் பஞ்சு வாலை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, நிழலக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

"ஏன் குட்டி, மீனு புடிக்கலையா?"

"கல்லு" என்றது பஞ்சு. அன்றைக்கு வாயிலிருந்து வந்த ஒரே சொல்.

நிழலக்கா திரும்பி டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சத்தியமா நான் வாயே தெறக்கல அக்கா!"

முன்பல் விழுந்த ஒரு மீன் குறுக்கே வந்தது. "அவ உக்காரட்டும் நிழலக்கா. அவளச் சுத்தித்தான் நாங்க திரும்புறோம். நீங்க கூட்டிட்டுப் போனா எல்லாரும் முட்டிக்கிறோம். இங்க பாருங்க." நெற்றியைக் காட்டியது. உண்மையிலேயே வீங்கித்தான் இருந்தது.

நிழலக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவள் செய்வது ஒன்றுதான். போய்ப் பஞ்சுவுக்குப் பக்கத்தில், தரையில் படுத்தாள்.

பாட்டு மறுபடி தொடங்கியது. கீழேயிருந்து கேட்டால் அது பாட்டாகவே இல்லை. மேலே எங்கேயோ நீர் ஓடுகிற சத்தம். நீல வெளிச்சம் முகத்தின் மேல் வழிந்தது. சின்னச் சின்னப் பாதங்கள் வந்து, இரண்டு பேரையும் சுற்றி வளைந்து போயின. வால்கள் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் போயின. யாரும் இடிக்கவில்லை. யாரும் மறக்கவும் இல்லை. ஒவ்வொரு மீனும் திரும்பும் முன் கல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் திரும்பியது. பஞ்சு தலை தூக்காமல் அதே ராகத்தை முனகிக்கொண்டிருந்தது. நிழலக்காவுக்குக் கண் சொக்கியது. தம்பி இருந்த அறைச் சுவர் கரைந்து போவதாகவும், தண்ணீர் உள்ளே வருவதாகவும், அவனைச் சுற்றி மஞ்சளாக என்னவோ நீந்துவதாகவும் தோன்றியது. அவனைச் சுற்றி ஒரு நாளும் ஒருவரும் வந்ததில்லை.

பாட்டு முடிந்ததும் கையை ஊன்றி எழுந்தாள்.

"கல்லாவே இருக்கட்டும் டீச்சர். ஆனா ஓரத்துல இல்ல. நடுவுல."

"அது அப்பவே நடுவுல போய் உக்காந்துடுச்சு அக்கா. நம்மள யாரு கேட்டா?" என்று டீச்சர் சிரித்தாள். நிழலக்காவும் சிரித்தாள். வேறு வழி?

கல்லுக்கு உடுப்பாக டீச்சர் ஒரு சாக்கை வைத்திருந்தாள். பஞ்சு அதைத் தொட்டதும் நெருப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டது. அன்று சாயங்காலமே நிழலக்கா துணிக்கடைக்குப் போய், சாம்பல் நிறத்தில் இருந்த அத்தனையையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள்.

"துணி எடுக்க வந்தீங்களா, சொறிஞ்சுக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"சொறியாத துணி இருந்தா எடு. இல்லாட்டி உன் வாய மூடு."

கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒன்று வந்தது. தேய்த்தபோது கழுத்தில் ஒன்றுமே பட்டதாகத் தெரியவில்லை. அதில் பேரம் படியவில்லை, சொன்ன விலையையே எண்ணிக் கொடுத்து வாங்கினாள்.

ஆட்ட நாளில் கூடம் நிரம்பியிருந்தது. நீல வெளிச்சத்துக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கல் இருந்தது. மீன்கள் வந்தன, சுற்றின, முட்டாமல் போயின. பஞ்சுவின் அம்மா முதல் வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணை அந்தக் கல்லை விட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிகிற நேரத்தில் கல் மெதுவாகத் துணியை விலக்கி, முகத்தை நீட்டி, கூட்டத்தைப் பார்த்தது. அழவில்லை. பார்த்துவிட்டு மறுபடி கல்லாகிவிட்டது.

துணியைக் கழற்ற அது சம்மதிக்கவே இல்லை. போர்த்திக்கொண்டே இரண்டு பஸ்ஸும் ஏறி வீட்டுக்குப் போனது.

நிழலக்கா வெறுங்கையோடு வீடு வந்ததும் புருஷன் கேட்டான்.

"அந்தத் துணி எங்கடி? தலகாணி உறைக்கு ஆகும்னியே?"

"கல்லு கூடப் போயிடுச்சு."

"போச்சா? சரி, அது எவ்வளவு ஆச்சு?"

அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தை ஏற்றினாள். அப்புறம்தான் சொன்னாள்.

"முந்நூத்தி நாப்பது."