அவன் பெயரில் ஓடிய சர்வர்

என் தம்பியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. போய்ச் சேர்ந்தவர்களை எங்கள் பக்கத்தில் குமன்ஜாயி என்று மட்டும்தான் சொல்வோம். துக்கம் கழியும்வரை அவர்கள் பெயர் யார் வாயிலும் வரக்கூடாது.

முழங்கால் உடையும்வரை அவன் கால்பந்து ஆடினான். பிறகு கவுன்சில் ஆபீஸில் சேர்ந்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வருகிற டெக்னீஷியன்களுக்குப் போன் கோபுரத்தின் அடியில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன், ஒரு கோடையில் தானே ஏற ஆரம்பித்துவிட்டான். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் சிதறிக் கிடக்கும் எங்கள் பழங்குடிக் குடியிருப்புகளுக்கெல்லாம் போன் போவது ஒரே சர்வர் வழியாகத்தான். கடைக்குப் பின்னால், முன்பு இறைச்சி வைத்திருந்த குளிர் அறையில் அதை வைத்திருந்தான். அந்த அறையில் இன்னமும் கங்காரு வால் வாடை அடிக்கும்.

அந்த சர்வரில் போன் சேவை ஓட வேண்டுமென்றால் ஒரு கணக்கின் பெயர் வேண்டும். அவன் தன் பெயரையே கொடுத்திருந்தான்.

"ஏன்டா, ஆபீஸ் பேர்ல போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல எவன்க்கா ஒரு வருசம் தாங்குறான்? வர்ற மேனேஜர் எல்லாம் ஒரு வெயில் பார்த்ததும் ஓடுறான். நான் எங்க போகப் போறேன்?"

கடை வாசலில், கையில் ரொட்டிப் பையோடு விழுந்தான். இருதயம்.

வழக்கப்படி அவன் வீட்டைக் காலி செய்தோம். அவன் மனைவி நங்காலா நெற்றியில் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டு விதவைகளின் முகாமுக்குப் போனாள். ஆட்டக் குழுவின் படத்திலும் ஆபீஸ் கதவிலும் அவன் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டினோம். கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டார்கள். கவுன்சிலின் டவுன் ஆபீஸில் மரியாதையாக அவன் கணக்கை மூடினார்கள். ஓடிக்கொண்டிருந்த சேவை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் யோசிக்கவில்லை.

அவனுடைய ஒரே மகள் அப்போது நிறைமாதம். செத்தவன் வீட்டில் இருக்க முடியாது என்பதால் புருஷன் கிளிஃப்டனோடு, 'பதினேழு மைல்' என்று நாங்கள் சொல்லும் குடியிருப்புக்குப் போயிருந்தாள். அவளுக்கு ரத்த அழுத்தம். தினமும் காலையில் மோரீன் நர்ஸ் போனில் விசாரிப்பாள்.

பிறகு அந்தப் புயல் வந்தது. கரண்ட் போனது. பாதையை வெள்ளம் அறுத்தது. கரண்ட் திரும்பியபோது சர்வரின் விளக்குகள் எரிந்தன. போன்கள் செத்துக் கிடந்தன. குளிர் அறையின் சாவி அவனுக்குப் பிறகு என்னிடம்தான் இருந்தது, நான் போய் உட்கார்ந்தேன்.

"அங்க என்ன நிலைமைன்னு தெரியாம பதினேழு மைலுக்கு ஹெலிகாப்டர் வராதாம். வெள்ளத்துல மாட்டுனவங்க அவ்வளவு பேர் இருக்காங்க" என்றாள் மோரீன். கிளினிக்கின் சாட்டிலைட் போனை என் கையில் திணித்தாள். மறுமுனையில், அடிலெய்டிலிருந்து எங்கள் சர்வர் பழுதுகளைப் பார்க்கும் டாரில்.

"சேவையை ஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா."

"பண்ணிட்டேன். எழுந்த உடனே விழுந்துருது."

"டிஸ்க்ல இடம் இருக்கா? கடிகாரம் சரியா இருக்கா? கேபிள்?"

"எல்லாம் இருக்கு. இடம் இருக்கு, கடிகாரம் ஓடுது, கேபிளை மூணு தடவை புடுங்கிச் சொருகிட்டேன். என் ஆயுசுதான் கம்மியாகுது."

அவன் சிரித்தான். அப்போது நங்காலா வாசலில் வந்து நின்றாள். துக்கம் காக்கும் விதவை பேசமாட்டாள், கைதான் பேசும். மகள் என்ன ஆனாள் என்று கேட்டது கை. தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"சேவை எந்தக் கணக்குல ஓடுது? கட்டத்துல ஒரு பேர் இருக்கும், படி" என்றான் டாரில்.

பெயர் இருந்தது. கறுப்பு டேப் ஒட்டாத ஒரே இடம்.

"அது ஒரு ஆளோட பேர்."

"சரி, யாரு?"

"சொல்ல முடியாது."

"ஏம்மா, பாஸ்வேர்டுதான் ரகசியம். பேரு இல்ல. அந்த ஆள் இன்னும் வேலையில இருக்காரா?"

"இல்ல."

"அப்போ கணக்கை மூடியிருப்பாங்க. அதான் விசயம். மூடின கணக்குல சேவை மறுபடி கிளம்பாது. வேற பேர் போட்டுப் பாரு."

போட்டோம். எழுந்தது, விழுந்தது. போன் எண்கள் எல்லாம் இருக்கும் தரவுக் கிடங்கு புதுப் பெயரை உள்ளே விடவில்லை. அனுமதிகளை எல்லாம் புதிதாகக் கொடுக்கப் பாதி நாள் ஆகும் என்றான் டாரில். "பழைய பேரையே உயிர்ப்பிச்சுரு. வேகமான வழி அதுதான்."

உயிர்ப்பிப்பதற்கு அந்தப் பெயரை நான் அடிக்க வேண்டும். நான் நங்காலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் திரையில் இருந்தது, பார்த்துவிட்டாள். அவள் கை ஒருமுறை மேலெழுந்து, என் பக்கம் விரிந்து, கீழே இறங்கியது. செய்.

எழுத்தெழுத்தாக அடித்தேன். அது புது பாஸ்வேர்டு கேட்டது. மனதில் வேறு எதுவும் இல்லை. அவன் மகளின் பெயரைப் போட்டேன்.

சேவை எழுந்தது. விழாமல் நின்றது.

போன் பலகையில் பதினேழு மைலின் விளக்குதான் முதலில் எரிந்தது.

"அத்தை!" கிளிஃப்டனின் குரல். "விடிஞ்சதுலருந்து அடிக்கிறேன் அத்தை. வலிப்பு வந்துருச்சு. வந்து வந்து போகுது. யாராவது எடுங்கன்னு கத்திக்கிட்டே இருந்தேன்."

மோரீன் என் கையிலிருந்து சாட்டிலைட் போனைப் பிடுங்கினாள். ஹெலிகாப்டர் போனது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அவளைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

இப்போது அவளும் குமன்ஜாயி. அவள் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. நங்காலாவின் முதல் மௌனம் முடியவில்லை, அடுத்தது தொடங்கிவிட்டது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு கையால் அவனோடு பேசுகிறாள். அவன் அந்த விரல்களையே பார்க்கிறான்.

போன வாரம் டாரில் கூப்பிட்டான்.

"அன்னிக்குப் போட்ட பாஸ்வேர்டைச் சொல்லும்மா. அடுத்த தடவை மாட்டிக்கக் கூடாது."

"சொல்ல முடியாது."

"உன்கிட்ட எதுதான்மா சொல்ல முடியும்?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். "சரி. இருக்கட்டும். துக்கம் முடியட்டும்."

சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் குளிர் அறைக்குப் போனால் திரையில் அந்தச் சாளரத்தைத் திறந்து பார்க்கிறேன். மேல் கட்டத்தில் என் தம்பியின் பெயர். கீழ்க் கட்டத்தில், அவன் மகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்.