பிரசவ வார்டில் ஒரு நடவு

பிரசவ வார்டு உத்தியோகத்தில் பாதி வேலை காத்திருப்பது. மீதிப் பாதி, பயந்திருப்பது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

முதல் பாதியில் நான் சுமார், இரண்டாவதில் தோல்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். டாக்டர் பட்டத்தோடு தென்காசியில் ஒரு சிறிய பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐம்பதுகளின் கடைசி அது. பெரிய டாக்டரம்மா வெளியூர் போயிருந்த வாரத்தில் பேச்சியம்மாள் வந்தாள். இடுப்பு வலியில் நாள் கணக்கில் கிடந்து பிள்ளை பெற்ற வாசகியரே, நான் செய்ததைப் படித்துப் பல்லைக் கடிப்பீர்கள். கடியுங்கள்.

கேட்காத சத்தம்

பேச்சியம்மாளுக்கு இலத்தூர். சொந்த வயலில் தானே இறங்கி வேலை செய்கிறவள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான முதல் பிள்ளை. செவ்வாய்க்கிழமை காலை வலியோடு வந்தவளின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். வழக்கமான இடத்தில் குழந்தையின் துடிப்பு இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, இல்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடவே ஆரம்பித்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குழலைப் பிடித்து இடுப்போரமாகக் கொண்டுபோய் வைத்தாள். அங்கே துடிப்பு கடிகாரம் போலக் கேட்டது. பிள்ளை தாயின் முதுகோடு தன் முதுகை ஒட்டிக் கிடந்தது. முன்பக்கம் முழுக்கக் கையும் காலும்தான். அவள் சொன்னாள்: "மாசக்கணக்கா முன்னாலதான் எத்துதான், டாக்டரம்மா. அப்போ முதுகு பின்னாலதான இருக்கும்?"

படுக்கை விதி

இப்படிக் கிடக்கும் பிள்ளைக்குப் பிரசவம் நீளும், வலி இடுப்பில் இறங்கும் என்று படித்திருந்தேன். புத்தகத்தில் அது ஒரு பத்தி. அவளுக்கு ஒரு பகலும் ஓர் இரவும். புதன் காலையில் பார்த்தபோது பிள்ளை வரும் வழி பாதிதான் திறந்திருந்தது. வார்டு விதிப்படி மல்லாந்து படுக்கச் சொன்னேன். படுத்தாள், வலி வந்தது, எழுந்துவிட்டாள். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை குரலை உயர்த்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அந்த வலியை முடித்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க கொஞ்சம் படுத்துப் பாக்கியளா? நான் நிக்கேன்."

நனைந்த காக்கி

அவள் கணவர் போலீஸ்காரர். குற்றாலத்தில் சாரல் சீசன். அருவிக்கரை பந்தோபஸ்திலிருந்து நனைந்த சட்டையோடு வந்து நின்றார். ஒளிக்காமல் சொன்னேன்: பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் நாலு மணிக்குள் பிறக்காவிட்டால் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும், வழியில் என்ன ஆகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. காருக்குச் சொல்லி வையுங்கள்.

அவர் ஜன்னல் வழியே, "ஏட்டி, டாக்டரம்மா சொல்லுதாவல்லா, படேன்!" என்றார். "நீங்க போய்க் காரைப் பாருங்க" என்று பதில் வந்தது. என் பக்கம் திரும்பினார். "அருவியில எம்புட்டுக் கூட்டம்னாலும் வரிசையில நிறுத்திருவேன், டாக்டரம்மா. இவளைப் படுக்க வைக்கது நம்மால ஆவாது."

பின்னோக்கி

நர்ஸ் ஏலியம்மா என் வயதுக்காரி, செங்கோட்டைப் பக்கம். பதினொரு மணிக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், பேச்சியம்மாள் சேலையைத் தூக்கிச் சொருகி, இடுப்பை மடித்துக் குனிந்து, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். நாற்று நடுகிறவர்கள் வயலில் பின்வாங்குவது அப்படித்தான். சுவர் முட்டியதும் மறுகோடிக்கு நடந்துபோய் மறுபடி குனிந்தாள். வலி வந்தால் கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பை அசைத்தாள். குனிந்தால் பிள்ளையின் பாரம் முதுகை விடுகிறதாம்.

தடுக்க வாயெடுத்தேன். விதியைத் தவிர ஒரு காரணமும் வரவில்லை. குழலோடு தரையில் உட்கார்ந்து, அவள் நின்ற இடத்திலெல்லாம் துடிப்பைக் கேட்டேன். ஏலியம்மா அவள் இடுப்பில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு கூடவே நடந்தாள். மதியம் தாண்டியும் அந்த நடவு ஓயவில்லை. "மதியாயில்லையா?" என்று ஏலியம்மா தன் மலையாளத்தில் கேட்டாள், இன்னும் போதவில்லையா என்று. மூச்சு வாங்கப் பதில் வந்தது: "வரப்பு வந்துட்டு, சிஸ்டர். டாக்டரம்மாதான் நடுவயல்ல ஒக்காந்திருக்காவ, நாத்தை மிதிச்சிராம எந்திரிக்கச் சொல்லுங்க."

கெடு

மூன்றரைக்குக் கார் வந்தது. வழி முழுக்கத் திறந்திருந்தது. நாலு மணிக்கும் தலை தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். துடிப்பைக் கேட்டேன், மாறவில்லை. தலை இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் அரை மணி" என்றேன். புத்தகத்தைக் கேட்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை அது. பேச்சியம்மாள் தானாகவே கட்டிலில் ஏறி, "இப்போ படுக்கேன். திருப்திதான?" என்றாள்.

நாலே கால் தாண்டிப் பெண் பிள்ளை பிறந்தது, முதுகு பின்னாலேயே இருக்க, கூரையைப் பார்த்த முகத்தோடு. பிறந்த உடனே அழுதது. ஆக, அத்தனை நடையும் பிள்ளையைத் திருப்பவில்லை. வழியைத் திறந்தது அந்த நடைதான் என்று நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தலை நீண்டு, கண் வீங்கிக் கிடந்த மகளை வாங்கிப் பார்த்துத் தாய் சொன்னாள்: "மொறைக்கா பாரு! வார வழியெல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டே வந்திருக்கா, அதான் இம்புட்டு நேரம்."

கேஸ் ஷீட்டில் 'பிரசவம் பார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயரையும் பட்டத்தையும்தான் எழுத வேண்டியிருந்தது. பேச்சியம்மாளுக்கு அதில் 'நோயாளி' என்ற இடம் மட்டும்தான் இருந்தது.